13 வயதில் காதல் கதை: எதைக் கொடுப்பது, எப்படிக் கொடுப்பது

கேள்வி: மொரீசியஸில் ரோஸ் ஹில் பக்கம் கோவிலோடு சேர்ந்த தமிழ் வகுப்பில் சனிக்கிழமைகளில் பாடம் நடத்துகிறேன். 11 வயது முதல் 16 வயது வரை 14 பிள்ளைகள். வகுப்பு அலமாரியில் இருப்பதெல்லாம் முயல், நரி, தெனாலிராமன். பெரிய பெண்கள், "மிஸ், லவ் ஸ்டோரி ஒண்ணும் இல்லையா?" என்று கேட்கிறார்கள். 13 வயதுப் பெண் ஒருத்தியின் போனில் பிரெஞ்சுக் காதல் நாவல் இருந்ததைப் பார்த்துவிட்டு அவள் அம்மா என்னிடம் வந்து சத்தம் போட்டார். காதல் வருகிற எந்தப் புத்தகமும் வகுப்பில் வேண்டாம் என்கிறது கமிட்டி. கொடுக்கலாமா? கொடுப்பதென்றால் எந்த வயதுக்கு எதை? பெற்றோரிடம் என்ன சொல்வது?

பதில்: வணக்கம். கொடுக்கலாம், கொடுக்கத்தான் வேண்டும். அலமாரியில் இருந்து எடுத்துவிட்டால் பிள்ளைகள் காதல் கதை படிப்பது நின்றுவிடாது. பக்கத்தில் பேச ஆளில்லாமல், ராத்திரி போர்வைக்குள் போனில் படிப்பார்கள். அந்தப் பெண் செய்ததும் அதுதான். அவளைக் கண்டிக்க அதில் ஒன்றும் இல்லை.

ஆனால் உங்கள் வகுப்பின் சிக்கல் சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருக்கும் ஆசிரியருக்கு வராத ஒன்று. வீட்டில் கிரியோல், பள்ளியில் ஆங்கிலமும் பிரெஞ்சும், தமிழ் ஒரு விருப்பப் பாடம். 14 வயதுப் பிள்ளையின் தமிழ் வாசிப்பு 8 வயதில் நிற்கிறது. மனசு 14 வயதில்தான் இருக்கிறது. அவளால் படிக்க முடிகிற தமிழ்ப் புத்தகத்தில் முயல்தான் இருக்கிறது. அவள் படிக்க விரும்புகிற கதை பிரெஞ்சில் இருக்கிறது. சென்னையில் அச்சான காதல் நாவலை வரவழைத்துக் கொடுத்தாலும் மூன்றாம் பக்கத்தில் மூடிவிடுவாள். அதில் காதல் குறைவு என்பதால் அல்ல, வாக்கியம் நீளம் என்பதால். ஆகவே வயதுக்கு ஏற்றதா என்பதோடு, தமிழ் அளவுக்கு ஏற்றதா என்றும் சேர்த்துப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இதற்கு நம் கையில் ஒரு நல்ல வழி இருக்கிறது. தமிழின் மிகப் பழைய காதல் பாட்டுகள் மிகச் சிறியவை. குறுந்தொகைப் பாட்டு ஒவ்வொன்றும் பெரும்பாலும் 4 முதல் 8 அடிதான். ஒரு பாட்டை ஒரே வகுப்பில் முடிக்கலாம். பழந்தமிழ் பிள்ளைகளுக்குப் புரியாதே என்று நினைப்பீர்கள். 14 வயது உள்ளூர்ப் பிள்ளைக்கும் தமிழ்நாட்டுப் பிள்ளைக்கும் சங்கத் தமிழ் ஏறக்குறைய ஒரே அளவுக்குத்தான் அந்நியம். இந்த ஓர் இடத்தில் உங்கள் பிள்ளைகள் பின்தங்கியவர்கள் இல்லை.

நான்கு பாட்டுகளோடு தொடங்குங்கள். 11, 12 வயதுக்காரர்களுக்கு 3ஆம் பாட்டு: என் அன்பு நிலத்தைவிடப் பெரிது, வானத்தைவிட உயரம், கடலைவிட ஆழம் என்று ஒரு பெண் அளந்து சொல்கிறாள். நாலே அடி. 13க்கு மேல் 40ஆம் பாட்டு, செம்புலப் பெயல்நீர். அடுத்து கபிலரின் 18ஆம் பாட்டு: சின்னக் கிளையில் பெரிய பலாப்பழம் தொங்குவதுபோல இவளுடைய உயிர் சிறியது, காதல் பெரியது, சீக்கிரம் வந்து மணம் பேசு என்று தோழி அவனிடம் சொல்கிறாள். பலாமரம் பார்க்காத பிள்ளை இந்தத் தீவில் இல்லை, விளக்கம் தேவைப்படாது. 14, 15க்கு ஔவையாரின் 28ஆம் பாட்டு: என் தவிப்பு தெரியாமல் ஊரே தூங்குகிறதே, முட்டிக்கொள்ளட்டுமா, கத்தட்டுமா என்று ஒருத்தி கேட்கிறாள். இதைப் படித்ததும் வகுப்பு அமைதியாகிவிடும். ராத்திரி ஒரு மெசேஜுக்காகக் காத்திருந்தவர்களுக்கு உரை வேண்டியதில்லை.

40ஆம் பாட்டை நடத்தும் முறையைச் சொல்கிறேன், மற்றவற்றுக்கும் இதுவே. 40 நிமிடம் போதும். பாட்டைப் பலகையில் சொல் பிரித்து எழுதுங்கள். சொல்லும் சொல்லும் ஒட்டி நின்றால் பிள்ளைகள் முதல் அடியிலேயே தடுக்கி விழுவார்கள். பிறகு அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த சொற்களுக்கு அடியில் கோடு போடச் சொல்லுங்கள்: யானும் நீயும், நீர், போல, அன்பு, நெஞ்சம். பாதிப் பாட்டு தெரிந்ததாகிவிடும். மீதிக்கு மட்டும் பொருள் சொல்லுங்கள். இரண்டு முறை வாய்விட்டுப் படியுங்கள். அதற்குப் பிறகுதான் கேள்வி. "என் அம்மாவும் உன் அம்மாவும் யாருக்கு யார், என் அப்பாவும் உன் அப்பாவும் எந்த வகையில் சொந்தம்" என்று அந்தப் பாட்டு கேட்கிறது. இதே கேள்வியை இங்கே பெரியவர்கள் இன்றும் கேட்கிறார்கள்: எந்தக் குடும்பம், எந்தக் கோவில், தமிழா தெலுங்கா மராத்தியா. பாட்டில் அந்தக் கேள்விக்கு என்ன ஆகிறது என்று பிள்ளைகளே சொல்லட்டும். செம்மண்ணில் மழை விழுந்து நீரும் சிவப்பாவதைக் கரும்புத் தோட்ட ஓரத்தில் பார்த்தவர்கள் அவர்கள். கடைசியாக, கிரியோலிலோ பிரெஞ்சிலோ தங்களுக்கு வந்தபடி இரண்டு வரி மாற்றி எழுதச் சொல்லுங்கள். திருத்தாதீர்கள்.

கோவில் வகுப்பு என்பதால் திருக்குறள் ஏற்கெனவே நடத்துவீர்கள். பெரும்பாலும் அறத்துப்பாலோடு நின்றுவிடுவது வழக்கம். காமத்துப்பாலில் 25 அதிகாரம், 109 முதல் 133 வரை. எல்லாவற்றையும் கொடுக்க வேண்டாம். 13 வயதுக்கு 110ஆம் அதிகாரம், குறிப்பறிதல். நான் பார்த்தால் நிலத்தைப் பார்க்கிறாள், பார்க்காதபோது என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்ற 1094 அதில்தான் இருக்கிறது. 111ஐ 16, 17 வரை விட்டுவையுங்கள். அது உடல் சேர்க்கையின் இன்பத்தைப் பேசுகிறது. சிரித்துக்கொண்டே படிக்க 132, புலவி நுணுக்கம். 1317இல் அவன் தும்முகிறான். வாழ்த்திய அதே வாயால், "யார் உங்களை நினைத்ததால் தும்மினீர்கள்?" என்று அவள் அழுகிறாள். சரி, தும்மலை அடக்கிக்கொள்வோம் என்று அடக்குகிறான். 1318இல் அதற்கும் அழுகை: "உமக்கு வேண்டியவர் நினைப்பதை என்னிடம் மறைக்கிறீரா?" பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும், இது விளையாட்டாக இருப்பது எதுவரைக்கும், "போனைக் கொடு, யாரிடம் பேசினாய் என்று பார்க்கிறேன்" என்று கேட்டால் அதுவும் விளையாட்டா என்று கேளுங்கள். அரை மணி நேரம் பேசுவார்கள். பொறாமையைப் பற்றி நீங்கள் தனியாக உபதேசம் செய்ய வேண்டியிருக்காது.

15க்கு மேல் 114ஆம் அதிகாரத்தில் மடலேறுதல் வருகிறது. பெண் கிடைக்காதவன் பனை மட்டையால் செய்த குதிரையில் ஏறி, ஊரறியத் தன் காதலைச் சொல்லி, அவளுக்கும் அவள் வீட்டாருக்கும் நெருக்கடி கொடுப்பது மடல். "நீ இல்லை என்றால் செத்துவிடுவேன்" என்று இன்றைக்கு ஒரு பையன் ஸ்டேட்டஸ் போடுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்ற பேச்சு கட்டாயம் வர வேண்டும். பழைய இலக்கியம் என்பதால் அங்கே நடந்ததெல்லாம் சரி என்று ஆசிரியர் நிற்கக் கூடாது.

கதை என்று கேட்கும் சின்னவர்களுக்கு நளன் தமயந்தி. 10, 11 வயதுக்கு இதைவிடப் பொருத்தமான காதல் கதை எனக்குத் தெரியவில்லை. அன்னம் தூது போகிறது. சுயம்வரத்தில் தேவர்கள் நால்வர் நளனைப் போலவே வந்து நிற்கிறார்கள். யாருக்கு வியர்க்கிறது, யார் கண் இமைக்கிறது, யார் கால் தரையில் படுகிறது, யார் மாலை வாடியிருக்கிறது என்று பார்த்துத் தமயந்தி மனிதனைக் கண்டுபிடிக்கிறாள். குழந்தைகளுக்கு இது ஒரு விடுகதை. ஆனால் பலரும் மாலை மாற்றியதோடு கதையை முடித்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகுதான் காதலே இருக்கிறது. சூதில் எல்லாம் போய், காட்டில் தூங்குகிறவளின் சேலையில் பாதியைக் கிழித்துக்கொண்டு நளன் போய்விடுகிறான். அவனைக் கண்டுபிடிக்க அவள் போடும் திட்டம் பாருங்கள்: இரண்டாம் சுயம்வரம் என்று ஒரே நாள் அவகாசத்தில் செய்தி அனுப்புகிறாள். அவ்வளவு தூரத்தை அவ்வளவு சீக்கிரம் கடக்கும் தேரோட்டி நளன் ஒருவன்தான். அவன் செய்தது தவறா, அவள் ஏன் மன்னித்தாள், நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று 11 வயதுப் பிள்ளையும் பேசும்.

இந்தக் கதைக்கு உங்கள் பிள்ளைகளின் தமிழில் நூல் கிடைப்பது கடினம். நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். 12 பக்கம், பக்கத்துக்கு 50 முதல் 60 சொல், எழுத்து 16 பாயின்ட். ஒரு வாக்கியத்தில் ஒரு வினைமுற்று. பேச்சு வரும் இடத்தில் பேச்சுத் தமிழே இருக்கட்டும். "நான் உன்னை நேசிக்கின்றேன்" என்று எழுதினால் வகுப்பு சிரிக்கும், கதை கெட்டுப்போகும். பக்கத்துக்கு ஐந்து புதுச் சொல்லுக்கு மேல் வேண்டாம்; அவற்றின் பொருளை அதே பக்கத்தின் அடியில் போடுங்கள், கடைசியில் அகராதியாகச் சேர்த்தால் யாரும் புரட்ட மாட்டார்கள். நட்பு, குடும்பப் பாசம் பற்றிய சின்னத் தமிழ்க் கதைகள் ஸ்டோரிவீவர் தளத்தில் படிநிலை வாரியாக இலவசமாகக் கிடைக்கும். அச்சடிக்கவும் மாற்றி எழுதவும் உரிமை உண்டு.

வள்ளி கதையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தைப்பூசக் காவடி எடுக்கும் பிள்ளைகள். முருகனும் வள்ளியும் அவர்களுக்கு நெருக்கம். வேடனாக வந்து, வேங்கை மரமாக நின்று, கிழவனாக வந்து, கடைசியில் அண்ணன் விநாயகர் யானையாக வந்து மிரட்ட, பயந்து ஓடி அணைக்கிறாள் வள்ளி. 13 வயதுப் பெண் ஒருத்தி, "பயமுறுத்திச் சம்மதம் வாங்கலாமா மிஸ்?" என்று கேட்பாள். கேட்காவிட்டாலும் நினைப்பாள். "சாமி கதையில் அப்படிக் கேட்கக் கூடாது" என்று வாயை அடைக்காதீர்கள். தன்னை மறந்த உயிரை இறைவன் தேடி வந்து ஆட்கொள்கிறான் என்பதே பக்தர்கள் இதைப் படிக்கும் முறை என்று சொல்லுங்கள். மனிதர்களுக்குள் ஒருவர் இப்படிச் செய்தால் அது குற்றம் என்பதையும் அதே மூச்சில் சொல்லுங்கள். இரண்டையும் சொன்னால் பக்திக்கு ஒரு குறையும் வராது.

சிலப்பதிகாரம் 15 வயதுக்கு மேல். மணநாளில் கண்ணகிக்கு 12, கோவலனுக்கு 16 என்று காவியமே சொல்கிறது. பிள்ளைகள் திடுக்கிடுவார்கள். அந்த இடத்தைத் தாண்டிப் போகாமல், மொரீசியஸில் 2020ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டத்தின்படி 18க்கு முன் திருமணமே கூடாது என்பதைச் சொல்லிவிட்டு மேலே போங்கள்.

நன்றாகத் தமிழ் வாசிக்கும் ஓரிருவர் இருந்தால் கல்கியின் 'பார்த்திபன் கனவு'. தொடர்கதையாக வந்ததால் அத்தியாயங்கள் சின்னவை. ஒவ்வொன்றும் அடுத்ததைப் படிக்க இழுக்கும். நாயகன் கடல் கடந்த தீவுக்கு நாடு கடத்தப்படுகிறான் என்பது இங்குள்ள பிள்ளைகளுக்கு ஒரு கூடுதல் ஒட்டுதல். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆக்கப்பட்டவை. மதுரைத் திட்டம் (Project Madurai) என்ற இணைய நூலகத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

பிரெஞ்சுக்கு வருவோம். அந்த அம்மாவின் பயம் முழுக்கத் தவறல்ல. இப்போது பெரியவர்களுக்கான காதல் நாவல்களுக்கும் கார்ட்டூன் படம் போட்ட, மிட்டாய் நிற அட்டைதான் வருகிறது. கடையில் இளையோர் நூலுக்குப் பக்கத்திலேயே அடுக்கியிருப்பார்கள். அட்டையை நம்பாதீர்கள். பிரான்சில் அச்சான சிறுவர், இளையோர் நூலில் பதிப்பு விவரம் இருக்கும் பக்கத்தில், பெரும்பாலும் கடைசியில், 1949 ஜூலை 16ஆம் தேதியிட்ட 49-956 எண் சட்டம் என்று ஒரு வரி இருக்கும். இளையோருக்கான வெளியீடுகள் பற்றிய சட்டம் அது. அந்த வரி இல்லை என்றால் நூல் பெரும்பாலும் பெரியவர்களுக்கானது. முழுக்கப் படிக்காமல் கொடுக்க வேண்டாம். வரி இருந்தால் மட்டும் போதாது, 8 வயது நூலிலும் 15 வயது நூலிலும் அது ஒரே மாதிரிதான் இருக்கும். அடுத்ததாகப் பின்னட்டையில் வயது போட்டிருக்கிறதா என்று பாருங்கள். 'நியூ ரொமான்ஸ்', 'டார்க் ரொமான்ஸ்' என்று இருந்தால் அது பெரியவர்களின் அலமாரி. இரண்டாவதில் கடத்தல், மிரட்டல், வன்முறை எல்லாம் காதலாகவே வரும். யாரும் கதை எழுதிப் போடும் வாட்பேட் தளத்தில் 'மெச்சூர்' முத்திரை 17 வயதுக்கு மேல் என்று பொருள். ஆனால் அந்த முத்திரையைக் குத்துவது எழுதினவரே. மறந்தவர்கள் நிறையப் பேர். தமிழ் இணையத் தொடர்களிலும் இதே கவனம் வேண்டும்: கட்டாயத் தாலி, கன்னத்தில் அறை, பிறகு காதல் என்று போகும் கதைகளில் முத்தம்கூட இருக்காது, பெற்றோர் கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியும். என் கணக்கில் அவைதான் 13 வயதுக்கு அதிகக் கெடுதல்.

புத்தகத்தை முழுக்கப் படிக்க நேரமில்லை என்றால் 20 நிமிடத்தில் பார்க்க வேண்டிய இடங்கள் இவை. முதல் அத்தியாயம்: பெண்ணுக்குக் காதலைத் தவிர நண்பர்கள், படிப்பு, ஒரு ஆசை ஏதாவது இருக்கிறதா? பிறகு யாராவது ஒருவர் 'வேண்டாம்' என்று சொல்லும் முதல் காட்சியைத் தேடிப் பிடியுங்கள். அந்த வார்த்தையைக் கேட்டவர் அடுத்த பக்கத்தில் என்ன செய்கிறார்? விலகுகிறாரா, வருந்துகிறாரா, துரத்துகிறாரா? துரத்தினால் கதை அதைத் தவறு என்று காட்டுகிறதா, வெற்றி என்று காட்டுகிறதா? என் தேர்வில் இந்தக் காட்சிக்குத்தான் முதல் எடை. முத்தம் எத்தனையாம் பக்கத்தில் வருகிறது என்பதற்கு அல்ல. அடுத்து இருவரின் வயது. 15 வயதுப் பெண்ணும் 25 வயது ஆணும் என்றால் ஒதுக்குங்கள். கடைசி அத்தியாயத்தில், பிரிவுக்கு மரணம்தான் விடை என்று முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் தனியாகப் படிக்க அனுப்பாமல் வகுப்பில் சேர்ந்து படியுங்கள்.

'போல் எ விர்ஜினி' என்ற பிரெஞ்சு நாவலைப் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். 1788இல் வந்த, நம் தீவிலேயே நடக்கும் கதை. கதையில் மூழ்கும் சேன்-ழெரான் கப்பல் 1744இல் உண்மையாகவே மூழ்கியது என்பதால் புவ்த்ர் தோரில் இருக்கும் நினைவுச் சின்னத்தைப் பார்த்துவிட்டும் படிக்கலாம். 15க்கு மேல் நல்ல தேர்வு, ஆனால் சுருக்கப் பதிப்பு வேண்டாம். தப்பி வந்த அடிமைப் பெண்ணை அந்த இரு பிள்ளைகளும் எசமானனிடமே அழைத்துப் போய் மன்னிப்புக் கேட்டுத் தரும் பகுதி இருக்கிற பதிப்பாகப் பாருங்கள். அது இல்லாமல் படித்தால் அந்தக் காலத் தீவு வெறும் பூந்தோட்டமாகத் தெரியும். கியூர்பிப் கார்னெகி நூலகத்திலும் ரோஸ் ஹில்லில் பிரெஞ்சுப் பண்பாட்டு மையத்தின் (Institut français) நூலகத்திலும் கேட்டுப் பாருங்கள்.

வகுப்பில் காரியம் கெடுவது பெரும்பாலும் புத்தகத்தால் அல்ல, நடத்தும் விதத்தால். தலைவன், தலைவி என்று ஒரு பையனையும் ஒரு பெண்ணையும் நிறுத்திப் படிக்கச் சொன்னால் அடுத்த ஆறு மாதத்துக்கு அந்த இருவரையும் மற்றவர்கள் கேலி செய்வார்கள். கோரஸாகப் படியுங்கள், அல்லது நீங்களே படியுங்கள். "உனக்கு யாராவது இருக்கிறார்களா?" என்று ஒருபோதும் கேட்காதீர்கள், கதாபாத்திரத்தைப் பற்றி மட்டும் கேள்வி. காதல் நூல்களுக்கென்று தனித் தட்டு வைக்காதீர்கள், அங்கே கை நீட்டுகிறவள் அன்றே மாட்டிக்கொள்வாள். துப்பறியும் கதை, சாகசக் கதையோடு கலந்து வையுங்கள். எல்லா நூலுக்கும் ஒரே மாதிரி பிரவுன் தாள் அட்டை போடுங்கள். பையன்கள் கேட்க மாட்டார்கள், ஆனால் கலந்து வைத்தால் எடுப்பார்கள். 11 வயதையும் 16 வயதையும் ஒரே கதைக்கு உட்கார வைக்க வேண்டாம். கடைசி அரை மணியில் இரண்டு குழுவாகப் பிரியுங்கள். கதை முடிந்ததும் நீதி சொல்லாதீர்கள், மறுவாரம் புத்தகத்தை எடுக்க மாட்டார்கள்.

இப்படிப் பேசும்போது ஒரு பிள்ளை தனியாக வந்து, பெரிய ஆள் ஒருவர் தனக்கு மெசேஜ் அனுப்புகிறார், படம் கேட்கிறார் என்று சொல்லலாம். ரகசியமாக வைத்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். திட்டாமல் கேளுங்கள், மெசேஜை அழிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள், அன்றைக்கே சிறுவர் பாதுகாப்பைப் பார்க்கும் அரசுப் பிரிவான சைல்ட் டெவலப்மென்ட் யூனிட்டுக்குத் தெரிவியுங்கள்.

கமிட்டியிடம் 'காதல் கதை வேண்டும்' என்று போய் நிற்காதீர்கள். குறுந்தொகையும் திருக்குறளும் நளன் கதையும் நடத்தப் போகிறேன் என்று பெயர் சொல்லிப் பட்டியல் கொடுங்கள்; வள்ளுவர் வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட யாரும் முன்வர மாட்டார்கள். பெற்றோருக்கு அரைப் பக்கக் கடிதம், தமிழிலும் பிரெஞ்சிலும்: கதையின் பெயர், எந்த வயதுக் குழு, கதையில் என்ன வருகிறது (கைபிடிப்பது, முத்தம், பிரிவு, மரணம், எதுவானாலும் ஒளிக்காமல்), வகுப்பில் கேட்கப் போகும் இரண்டு கேள்விகள். கடைசியில் ஒரு வரி: உங்கள் பிள்ளைக்கு வேண்டாம் என்றால் சொல்லுங்கள், வேறு கதை தருகிறேன். ஒரு பெற்றோர் தம் பிள்ளைக்கு வேண்டாம் என்று சொல்லலாம். மற்ற 13 பிள்ளைகளுக்கும் சேர்த்துச் சொல்ல முடியாது என்பது அந்த வரியிலேயே அடங்கிவிடும். சத்தம் போட்ட அம்மாவிடம் மட்டும் கடிதம் அனுப்பாமல் நேரில் பேசுங்கள். மகளின் போனைப் பிடுங்க வேண்டாம், அந்த நாவலை நீங்களும் படித்துவிட்டு, அதில் 'வேண்டாம்' என்று சொல்லும் காட்சி வரும் இடத்தைப் பற்றி அவளிடம் பேசுங்கள் என்று சொல்லுங்கள். பிரெஞ்சு வாசிக்கச் சிரமம் என்றால் மகளையே கதையைச் சொல்லச் சொல்லலாம்.